தேடுபவரின் சொல்

எனக்கு முன் பேசியவர்கள் கவிதை, நாவல் என்று பேசினார்கள். நான் குறிச்சொற்களைப் பற்றிக் கதைக்கப் போகிறேன். இதற்கும் இலக்கியத்துக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம்.

நண்பர்கள் சிலர் சேர்ந்து, வீடுகளில் கிடந்த பழைய நூல்களையும் மலர்களையும் ஒரு விக்கியில் ஏற்றிவருகிறோம். ஒருநாள் ஒரு தங்கச்சி தொலைபேசியில் கேட்டார்: “அண்ணை, அம்மம்மாவின்ர கல்வெட்டு உங்களிட்ட இருக்கோ? தேடினால் சோழர் காலத்துக் கல்வெட்டுத்தான் வருது.” நானும் தேடிப் பார்த்துவிட்டு, இல்லை என்றேன்.

ஆனால் அது இருந்தது. ஏற்றியவனே நான்தான். யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்தபின் அந்தியேட்டியை ஒட்டி வெளியிடும் புத்தகத்தைக் கல்வெட்டு என்போம். நான் படித்த தமிழில் அதற்கு ‘நினைவு மலர்’ என்று தலைப்பிட்டிருந்தேன். பக்கத்தில் ‘கல்வெட்டு’ என்ற சொல்லே இல்லை. சில மாதங்களின் பின் தற்செயலாகக் கண்டு அனுப்பிவைத்தேன். அதிலிருந்த வம்சாவளியை வாசித்து, யார் எவர் என்று சொல்லக்கூடிய ஒரே மாமாவுக்கு அதற்குள் நினைவு தப்பியிருந்தது.

அன்று விளங்கியது: ஏற்றுவது பாதி வேலைதான். தேடுபவர் தன் வாயில் வரும் சொல்லோடுதான் வருவார்.

தமிழில் இது பெரிய சிக்கல். வல்வெட்டித்துறையை வல்வை என்போம். திருகோணமலையைத் திருமலை என்போம். ரொறன்ரோ, டொராண்டோ இரண்டும் ஒரே நகரம். ‘மகாகவி’ என்று தேடினால் பாரதி வருவார். 1927இல் அளவெட்டியில் பிறந்த உருத்திரமூர்த்தியின் புனைபெயரும் மஹாகவிதான். அவரைத் தேடி வருபவருக்கு யார் வழி காட்டுவது?

விக்கியில் இதற்கு வசதி உண்டு. ஒரே பொருளின் வேறு பெயர்களுக்கு வழிமாற்றுப் பக்கம் வைக்கலாம். ஒரே பெயரில் இருவர் இருந்தால், இருவருக்கும் இணைப்புக் கொடுத்து ஒரு பக்கம் வைக்கலாம். ஊர், ஆண்டு, நூல்வகை ஆகியவற்றைப் பகுப்பாக இடலாம். பேச்சுவழக்குச் சொல்லையும் வேறு எழுத்துக்கூட்டலையும் பக்கத்தின் அடியில் ஒரு வரியில் எழுதலாம். பிள்ளைகள் ஆங்கில எழுத்தில் தேடுவார்கள் என்றால், அந்த வடிவத்தையும் சேருங்கள்.

அதற்காக அள்ளிக் கொட்டவும் கூடாது. எல்லாப் பக்கத்திலும் ‘தமிழ்’ என்று போட்டால் அந்தச் சொல் ஒருவருக்கும் உதவாது. இந்தப் பக்கத்தை மற்றப் பக்கங்களிலிருந்து பிரித்துக் காட்டும் சொல்லே குறிச்சொல்.

இப்போது ஒரு நூலை ஏற்றுமுன் வீட்டில் மூத்தவர்களிடம் கேட்கிறேன்: “இதை நீங்கள் என்னவென்று சொல்லுவீங்கள்?” அவர்கள் சொல்வதை அப்படியே எழுதிவைக்கிறேன். அந்தச் சொற்கள் அகராதியிலும் இல்லாமற் போகலாம். நீங்களும் கேளுங்கள், கேட்க ஆட்கள் இருக்கும்போதே கேளுங்கள்.