குரலும் கத்தரியும்



பிறந்த ஊரை விட்டு நெடுந்தொலைவில் வாழும் நமக்கு, ஊரிலிருந்து பலவும் வந்து சேர்கின்றன. வடகமும் ஊறுகாயும் வருகின்றன. திருமண அழைப்பிதழ்கள் வருகின்றன. ஆயினும், நம் வீட்டு முதியோரின் குரலுக்கு நிகரான பொருள் வேறொன்றும் இல்லை. தில்லியிலோ பம்பாய் என்று வழங்கி இன்று மும்பையாகிவிட்ட மாநகரிலோ பிறந்து வளரும் நம் பிள்ளைகளுட் பலர் தமிழ் பேசுவர். ஆனால் படிக்க அறியார். அவர்களுக்குத் தமிழின் வாயில் ஏடு அன்று, செவியே. ஆதலின், குரலைப் பதிந்து, செப்பனிட்டு, பாதுகாக்கும் கலையைப் பற்றி இன்று சில சொற்கள் கூற விழைகின்றோம்.

நாம் ஒலிநுட்பம் கற்றவர் அல்லோம். கலைப் பட்டம் பெற்று, மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளராகக் காலங்கழிப்பவர். நாற்பது வயதைக் கடந்த பின்னரே இக்கலையின் அரிச்சுவடியைக் கற்கத் தொடங்கினோம். அதற்கும் ஒரு காரணம் உண்டு. அலுவலகத்தில் நாம் மொழிபெயர்த்த வாசகங்கள் இப்பொழுதெல்லாம் தாளில் மட்டும் நிற்பதில்லை. குரலாகவும் ஒலிக்க வேண்டியிருக்கின்றன. இந்தியில் முப்பது விநாடிக்குள் அடங்கும் ஓர் அறிவிப்பு, தமிழில் முப்பத்தெட்டு விநாடி வரை நீண்டுவிடுவதுண்டு. எட்டு விநாடியை எங்கே குறைப்பது? சொல்லிலா, மூச்சிலா, இடைவெளியிலா? இந்தக் கேள்விதான் நம்மை ஒலிப்பதிவுக் கூடத்தின் வாயிலில் கொண்டு நிறுத்தியது.

முன்னாளில் இவ்வேலை எவ்வாறு நடந்தது என்பதைச் சற்று நினைவு கூர்வோம். வானொலி நிலையங்களில் காந்த நாடாவில் பேச்சைப் பதிந்தனர். விநாடிக்கு ஏழரை அங்குல வேகத்தில் நாடா ஓடினால், பதினைந்து நிமிடப் பேச்சுக்கு ஐந்நூற்று அறுபது அடிக்கு மேல் நாடா வேண்டும். பிழையான சொல்லை நீக்க வேண்டுமாயின், நாடாவைக் கையால் முன்னும் பின்னும் உருட்டி, அச்சொல் தொடங்கும் இடத்தைக் காதால் கண்டு, மெழுகுப் பென்சிலால் குறியிட்டு, சவர அலகினால் சாய்வாக வெட்டி, இரு முனைகளையும் ஒட்டுநாடாவால் இணைப்பர். வெட்டிய துண்டு தரையில் கிடக்கும். தவறாக வெட்டிவிட்டால் அந்தத் துண்டைத் தேடி எடுத்து மீண்டும் ஒட்ட வேண்டும். ஆதலால், வெட்டுவதற்கு முன் இருமுறை சிந்திப்பது அவர்தம் வழக்கமாயிற்று.

இன்று நாடாவும் இல்லை, அலகும் இல்லை. ஒலி எண்களாக மாற்றப்படுகிறது. இதனையே டிஜிட்டல் முறை என்கின்றனர். காற்றில் எழும் அலையின் உயரத்தை ஒலிவாங்கியின் துணையால் விநாடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாகக் குறித்துக்கொள்வதே இதன் சாரம். குறுந்தகட்டுக்கு விநாடிக்கு 44,100 முறை அளக்கின்றனர். திரைப்படத்திற்கும் தொலைக்காட்சிக்கும் 48,000 முறை. இவ்வளவு ஏன் என்று கேட்கலாம். மனிதச் செவி, விநாடிக்கு ஏறத்தாழ 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரை கேட்கவல்லது. ஓர் அதிர்வை அதன் வடிவம் கெடாமல் மீட்க வேண்டுமாயின், அதனைப் போல் இருமடங்குக்கு மேற்பட்ட முறை அளத்தல் வேண்டும் என்பது கணிதம் கண்ட உண்மை. ஒவ்வோர் அளவையும் 16 பிட் கொண்டு எழுதினால், அலையின் உயரத்தை 65,536 படிகளுள் ஒன்றாகக் குறிக்கலாம். ஒரே தடமாகப் பதியும் பத்து நிமிடப் பேச்சு, 48,000 என்ற கணக்கில், ஏறத்தாழ 58 மெகாபைட் இடத்தைக் கொள்ளும்.

இவ்வெண்களைக் கணிப்பொறித் திரையில் அலைக்கோடாகக் காட்டி, வெட்டவும் ஒட்டவும் உதவும் மென்பொருள்கள் பல உள. அவற்றுள் அடாசிட்டி என்பது, அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1999-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டு, 2000-ஆம் ஆண்டில் வெளியிடப்பெற்றது. விலையின்றிக் கிடைப்பது, எளிய கணிப்பொறியிலும் இயங்குவது. நாம் கற்றதும் இதனைக் கொண்டே.

முதற்பாடம் கணிப்பொறியில் இல்லை, அறையில் இருக்கிறது. மின்விசிறியை நிறுத்துக. குளிர்பெட்டி இரையும் சமையலறையிலிருந்து விலகுக. சன்னலுக்குத் திரையிடுக. துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்தால், சுவரில் மோதித் திரும்பும் எதிரொலியை அத்துணிகள் உறிஞ்சிக்கொள்ளும். ஒலிவாங்கியை வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில், நேரெதிரே வையாமல் சற்றே ஒதுக்கி வைத்தல் நன்று. இல்லையேல் பகரம் வரும்போதெல்லாம் வெளிவரும் காற்று ஒலிவாங்கியை அறையும். அளவுமானியில் பேச்சின் உச்சி, சுழிக்குக் கீழே பன்னிரண்டு முதல் ஆறு டெசிபெல் வரை நிற்கட்டும். சுழியைத் தொட்டால் அலையின் தலை வெட்டுண்டு போகும். அவ்வாறு வெட்டுண்ட ஒலி கரகரப்பாகவே நிற்கும். அதனை முன்னிருந்தபடி மீட்டல் அரிது. பேச்சு முடிந்த பின், எவரும் பேசாத அறையின் அமைதியையும் அரை நிமிடம் பதிந்துகொள்க. அதன் பயனைப் பின்னர்க் கூறுவோம்.

இனி, நாம் செய்த ஒரு பிழையைக் கூறுதல் கடமையாகும். இன்றைய பேச்சின் நோக்கமே அதுதான்.

தில்லியில் நாம் வாழும் பகுதியில் மூதாட்டியார் ஒருவர் இருக்கிறார். திருவாரூர்ப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்தவர். 1962-ஆம் ஆண்டில் மணமாகி, கணவரோடு கிராண்ட் டிரங்க் விரைவு வண்டியேறித் தலைநகரம் வந்தவர். அவ்வண்டிப் பயணத்தையும், முதற் குளிர்காலத்தையும், இந்தி அறியாமல் காய்கறி வாங்கிய கதையையும் அவர் சொல்லக் கேட்டால் நேரம் போவது தெரியாது. நம் பகுதித் தமிழர் கூடும் பொங்கல் விழாவில் ஒலிபரப்புவதற்காக அவருடைய பேச்சை நாற்பது நிமிடம் பதிந்தோம். விழாவில் நமக்கு அளித்திருந்த நேரமோ ஐந்து நிமிடம்.

நாற்பதை ஐந்தாக்கும் வேலையை ஓர் இரவில் செய்து முடித்தோம். புதிதாகக் கற்றவனின் துடிப்பு அது. இருமல் வந்த இடங்களை நீக்கினோம், மௌனங்களைச் சுருக்கினோம். ஓரிடத்தில், "ஊருக்குத் திரும்பிப் போக விருப்பம் இல்லை" என்று அவர் கூறியதும், சமையலறையில் பாத்திரம் ஒன்று விழுந்த ஓசை பதிவாகியிருந்தது. திரையில் அது நெடிய ஊசிபோல் எழுந்து நின்றது. அவ்வூசி தொடங்கி அடுத்த செய்தி தொடங்கும் வரை உள்ள பகுதியைக் கண்ணால் அளந்து, காதால் கேளாமல், வெட்டி எறிந்தோம். பின்னர், பழைய கோப்பின் பெயரையே புதியதற்கும் இட்டோம். 'இப்பெயரில் ஒரு கோப்பு உள்ளது, அதனை மாற்றலாமா?' என்று கணிப்பொறி கேட்டது. ஆம் என்றோம். பதிவுக் கருவியிலிருந்த மூலத்தையோ, இடம் வேண்டி, முன்னரே அழித்திருந்தோம்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, பதிவை அவருக்குப் போட்டுக் காட்டினோம். மகனும் மருமகளும் பேத்தியும் உடனிருந்தனர். பாட்டியார் புன்னகையோடு கேட்டுக்கொண்டே வந்தார். குறிப்பிட்ட அந்த வரி வந்ததும் அவர் முகம் மாறியது. மகன் தலை குனிந்துகொண்டார். "தம்பி, குரல் என்னுடையதுதான். ஆனால் நான் சொன்னது இது இல்லையே" என்றார். அவர் சொன்னது, "ஊருக்குத் திரும்பிப் போக விருப்பம் இல்லை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை" என்பது. பாத்திரம் விழுந்ததால் இடையில் நிறுத்தி, பின் தொடர்ந்திருக்கிறார். அறுபது ஆண்டுகளாக ஒரு நெஞ்சு சுமந்த ஏக்கத்தை, நாம் ஒரே வெட்டில் வெறுப்பாக மாற்றிவிட்டோம்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இது பெருநாணம் விளைத்தது. தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் இறுதியில் வருவது. உடன்பாடா எதிர்மறையா என்பது கடைசிச் சொல்லில்தான் துலங்கும். கோப்புகளில் இதனை நாள்தோறும் காத்து நிற்கும் நாம், ஒலியில் கைவிட்டோம். மூலம் அழிந்துபோனமையால் ஈடு செய்யவும் வழியில்லை. மறுநாள் அவர் மீண்டும் சொல்ல இசைந்தார். ஆயினும் முதன்முறை தானே பொங்கி வந்த சொல், இரண்டாம் முறை ஒப்பித்த பாடமாக வந்தது. அதனைத்தான் விழாவில் ஒலிபரப்பினோம். கூடியிருந்தோர் கைதட்டினர். எதை இழந்தோம் என்பது அவ்வீட்டாருக்கும் நமக்கும் மட்டுமே தெரியும்.

இவ்வநுபவத்தால் நாம் பெற்ற நெறிகளை நேயர்களுக்குக் கூறுகின்றோம்.

முதலாவது: மூலப் பதிவில் கை வைத்தல் ஆகாது. பதிந்தவுடன் அதனை இரண்டு இடங்களில் படியெடுத்து வைத்து, படியின் மேலேயே வேலை செய்க. புதிய கோப்புக்குப் புதிய பெயரும் நாளும் இடுக. செய்ததைத் திரும்பப் பெறும் விசை கணிப்பொறியில் உண்டு என்று எவரும் இறுமாந்திருக்க வேண்டா. வேலையை மூடிவிட்டால் அவ்விசை பயன்படாது போகலாம். சேமிப்புக்கு 'வேவ்' வடிவம் ஏற்றது. அது ஒலியைக் குறைப்பதில்லை. எம்.பி.3 வடிவம் செவிக்குப் புலப்படாதவை எனக் கருதும் நுணுக்கங்களை விடுத்துக் கோப்பைச் சிறிதாக்குவது. நண்பருக்கு அனுப்புவதற்கு அது போதும்.

இரண்டாவது: வெட்டுமுன் முழுவதையும் கேட்க. கண் வழிகாட்டலாம், தீர்ப்புக் கூறுவது செவியின் உரிமை. தாளில் நேரத்தைக் குறித்துக்கொண்டு, கருத்து முடியும் இடத்தில், மூச்சு எடுப்பதற்குச் சற்று முன்னர் வெட்டுக. அலைக்கோடு நடுக்கோட்டைக் கடக்கும் புள்ளியில் வெட்டினால் 'டிக்' என்னும் ஓசை எழாது. இரு துண்டுகளுக்கு இடையே வெறுமை தோன்றினால், முன்பு பதிந்துவைத்த அறையமைதியை அங்கே இட்டு நிரப்புக. ஒலியே அற்ற வெறுமை, கேட்போருக்குக் கருவி நின்றுபோயிற்றோ என்ற ஐயத்தையே தரும்.

மூன்றாவது: இரைச்சலை நீக்குவதில் அளவு வேண்டும். அடாசிட்டியில், பேச்சில்லாத ஒரு பகுதியை மாதிரியாகக் காட்டினால், அதே இரைச்சலை மற்ற இடங்களிலும் அது தணிக்கும். ஆறு முதல் பன்னிரண்டு டெசிபெல் அளவில் தணித்தால் போதும். பேராசையால் மிகுதியாகத் தணித்தால், பேசுபவர் கிணற்று நீருக்குள்ளிருந்து பேசுவது போலாகிவிடும்.

நான்காவது, தமிழருக்கே உரியது: மௌனத்தைத் தானே சுருக்கும் வசதியைக் கண்மூடிப் பயன்படுத்தல் கூடாது. 'பட்டம்' என்னும் சொல்லில் இரட்டித்த டகரத்தை ஒலிக்கையில், நாவு ஒரு கணம் அடைத்து நிற்கிறது. திரையில் அது வெறுமையாகவே தோன்றும். அவ்வெறுமை குறைந்தால் சொல் முடமாகும். எழுத்தின் அளவைக் கண்ணிமையாலும் கைந்நொடியாலும் அளந்து, மெய்யெழுத்துக்கும் அரை மாத்திரை வகுத்தவர் தொல்காப்பியர். அந்த அரை மாத்திரையை எந்திரத்துக்குப் பலியிடலாமோ?

ஐந்தாவதும் தலையாயதும்: முடித்த பதிவைப் பேசியவருக்குக் கேட்பித்து, அவர் இசைவு பெறுக. குரல் அவருடைய உடைமை. நாம் காவலர் மட்டுமே.

நேயர்களே, இக்கலையைக் கற்கப் பெருஞ்செலவு இல்லை. பழைய கணிப்பொறி ஒன்றும், செவிகளை மூடும் தலையணி ஒலிபெருக்கி ஒன்றும், கையிலுள்ள பேசியும் தொடங்குவதற்குப் போதும். ஒரு வார காலம் மாலைதோறும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால், வெட்டவும் ஒட்டவும் ஒலியளவைச் சீராக்கவும் பழகிவிடலாம். விளம்பரம், கல்விப் பாடம், படத்துக்குப் பின்குரல் என இத்திறமையை வேண்டும் தொழில்கள் பெருநகரங்களில் உள. வெளி மாநிலத்துத் தமிழ் இளைஞர்க்கு இருமொழி அறிவும் இதனோடு சேர்ந்தால் நன்மையே விளையும்.

ஆயினும் முதல் வேலையாக உங்கள் வீட்டு முதியவரை அமர்த்தி, மின்விசிறியை நிறுத்தி, அவர் பிறந்த ஊரைப் பற்றிக் கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும் வரை இடைமறியாதீர்கள். அன்றிரவே படியெடுத்து வையுங்கள். வெட்டுவதற்கு நாளை இருக்கிறது.