கடவாய்ப் புகையிலையும் ஒரு மிஸ்டு காலும்

பீன்யா என்றதும் பெங்களூர்க்காரர்களுக்குத் தும்கூர் ரோட்டில் வரிசைகட்டி நிற்கும் லாரிகள்தான் ஞாபகம் வரும். எனக்கு, காலையில் கார்மென்ட்ஸ் கேட் மூடுவதற்குள் ஓடுகிற பெண்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பெண்களும் அதில் உண்டு. பீன்யா இரண்டாம் ஸ்டேஜில் ஒரு சின்ன கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்கு ஆலோசனை சொல்வது என் வேலை. புகைப்பழக்கத்தை விட அவர்களுக்குத் தொழில்நுட்பம் எப்படி உதவும் என்று வானொலியில் பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

முதலில் எங்களிடம் ஒரு டேப்லெட் இருந்தது. அதில் முதல் கேள்வியே, 'நீங்கள் புகைபிடிப்பவரா?' நாள் முழுக்க 'இல்லை', 'இல்லை' என்று தட்டிக்கொண்டிருந்தேன். அரூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி, ஐந்தாம் மாசம், சிரித்தேவிட்டாள். "என்ன சிஸ்டர், என்னைப் பார்த்தா பீடி குடிக்கிறவ மாதிரியா இருக்கு?" கேட்டுக்கொண்டே நாக்கால் எதையோ இடது கடவாயிலிருந்து வலது கடவாய்க்குத் தள்ளினாள். நான் 'இல்லை' என்று தட்டிவிட்டுத்தான் அதைக் கவனித்தேன்.

2016-17இல் நாடு முழுக்க எடுத்த கணக்கில், புகைக்கிற பெண்கள் நூற்றுக்கு 2 பேர். புகையிலையை வாயில் போட்டு மெல்லுகிற, ஒதுக்குகிற பெண்கள் கிட்டத்தட்ட 13 பேர். கேள்வியைத் தயாரித்தவருக்கு லண்டன் தெரிந்திருக்கிறது, பீன்யா பக்கத்து லக்கெரெ தெரியவில்லை!

இங்கே ஒரு வார்த்தை வேடிக்கை. கன்னடத்தில் இந்தப் புகையிலைக்கு 'கட்டிப்புடி' என்று பெயர். கட்டி என்றால் குச்சி, புடி என்றால் பொடி. புதிதாக வந்த எனக்கு, "கட்டிப்புடி இல்லாம வேலை ஓடாது மேடம்" என்று ஒரு பெண் சொன்னபோது தூக்கிவாரிப்போட்டது. நேயர்களே, சிரிக்காதீர்கள், தமிழ்க் காதுக்கு வேறு எப்படிக் கேட்கும்?

ஏன் போடுகிறீர்கள் என்று கேட்டால், மசக்கையில் வாய் ஊறுகிறது, குமட்டுகிறது, ஒரு துணுக்கு ஒதுக்கினால் அடங்குகிறது என்பார்கள். தையல் லைனில் பசியும் தூக்கமும் தெரியாதாம். வெற்றிலையோடு பாட்டி கொடுத்துப் பழக்கியதும் உண்டு. புகை இல்லாததால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று நம்புகிறார்கள். அப்படி இல்லை. புகையிலையில் இருக்கும் நிகோடின் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளைக்குப் போகிறது. பிள்ளை எடை குறைந்து பிறக்கலாம், நாள் முந்திப் பிறக்கலாம், வயிற்றிலேயே இறந்தும் போகலாம். மருத்துவ விஷயத்தை இதோடு நிறுத்திக்கொள்கிறேன், டாக்டர்கள் இன்னும் நன்றாகச் சொல்வார்கள்.

தொழில்நுட்பத்தில் எனக்குப் பிடித்தது மிஸ்டு கால். வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டேன் என்றால் ஒரு ரிங், கீழே வந்து நிற்கிறேன் என்றால் இரண்டு ரிங். பத்துப் பைசா செலவில்லாமல் ஒரு தலைமுறையே பேசிக்கொண்டது. அரசாங்கத்துக்கும் அது புரிந்தது. 2016 ஜனவரியில், மிஸ்டு கால் கொடுத்தால் புகையிலையை விட உதவும் செய்திகள் போனுக்கே வருகிற திட்டத்தை மத்திய சுகாதார அமைச்சகம் தொடங்கியது. கர்ப்பிணிகளுக்கு வாரம் ஒரு குரல் செய்தி அனுப்பும் 'கில்காரி' திட்டமும் அதே நாளில் வந்தது. படிக்க வேண்டாம், காதில் வைத்தால் போதும். எழுத்துச் செய்தியைவிடக் குரல் மேல் என்பது என் கட்சி. எட்டு மணி நேரம் ஊசியைப் பார்த்த கண்ணால் ராத்திரி எதைப் படிப்பது?

ஆனால் போன் யாருடையது? அரூர்ப் பெண் கொடுத்திருந்தது புருஷன் நம்பர். புகையிலையை விடச் சொல்லி அவளுக்கு நாங்கள் அனுப்பிய செய்தியெல்லாம் அவர் சட்டைப்பையில் போய் விழுந்திருக்கிறது. லேத் பட்டறைக்காரர், விரல் நுனியில் கிரீஸ் கருப்பு. ஒரு சனிக்கிழமை நேராக வந்துவிட்டார். "என் போனுக்கு எதுக்கு மேடம் இதெல்லாம் வருது? நான் பீடி குடிக்கிறேன்னு இவ சொல்லிக்கொடுத்தாளா?"

புகையால் மூச்சில் சேரும் கார்பன் மோனாக்சைடை அளக்கும் மீட்டர் ஒன்றும் வைத்திருந்தோம். இங்கிலாந்தில் கர்ப்பிணிகள் முதல் தடவை வரும்போதே அதில் ஊதச் சொல்கிறார்கள், 4 அல்லது அதற்கு மேல் காட்டினால் விசாரிக்கிறார்கள். அவரை ஊதச் சொன்னேன். 14. அந்தப் புகையைத்தான் ஒரே அறையில் அவளும் பிள்ளையும் சுவாசிக்கிறார்கள் என்றேன். முகம் விழுந்துவிட்டது. அடுத்து அவள் ஊதினாள். 1. "பாத்தீங்களா!" என்று புருஷனைப் பார்த்து ஒரு வெற்றிப் பார்வை. மென்றால் கார்பன் மோனாக்சைடு வராது, அதனால் இந்தக் கருவிக்குக் கடவாய் தெரியாது என்று நான் சொன்னதும், "அப்புறம் என்னத்தைக் கண்டுபிடிச்சுது போங்க" என்றாள்.

கடைசியில் உதவியது போனில் வந்த ஒரு மனுஷக் குரல். 1800-11-2356, புகையிலையை விட உதவும் தேசிய எண். 2016இல் டெல்லியில் தொடங்கியது. 2018இல் நம் ஓசூர் ரோட்டு நிமான்ஸிலும் ஒரு மையம் வந்தது, அங்கே தமிழிலும் பேசுவார்கள். அரூர்ப் பெண் மொட்டை மாடியில் துணி காயும் கயிற்றடியில் நின்றுகொண்டு பேசினாளாம். "எப்ப வேணும்னு தோணுதுன்னு கேட்டாங்க சிஸ்டர். யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை." மதியச் சாப்பாடு முடிந்த கையோடு என்று சொல்லியிருக்கிறாள். அந்த நேரத்துக்கு டிபன் டப்பாவில் சோம்பு வந்தது. பிரசவம் வரை புகையிலையைத் தொடவில்லை. அவள் புருஷன் பீடியை விடவில்லை, ஆனால் வீட்டுக்குள் பற்றவைப்பதில்லை, டீக்கடையோடு சரி.

செயலிகள் பற்றிச் சொல்ல வைத்திருந்தது அப்படியே நிற்கிறது, நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். ஒன்று மட்டும்: நிகோடின் சூயிங்கம் மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கிறதே என்று கர்ப்பிணிகள் தாங்களாக வாங்கிப் போடாதீர்கள், டாக்டரைக் கேளுங்கள். கூப்பிட வேண்டிய எண் 1800-11-2356, காசு கிடையாது. புருஷன்மார்களும் கூப்பிடலாம்.