பாஸ்புக்கில் இருக்கிற பட்டணம்

(சென்னையில் நடந்த ஓர் இலக்கியக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பழைய மெட்ராஸைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். பழைய மெட்ராஸ் என்றாலே ஒரு பட்டியல் தயாராக இருக்கிறது. 1983இல் எரிந்த ஸ்பென்சர். 1985இல் எரிந்த மூர் மார்க்கெட். 1837இல் கட்டி 2009இல் இடித்துத் தள்ளிய மத்திய சிறை. செங்கல்லுக்கும் வளைவுக்கும் அழுது எழுத ஆள் இருக்கிறார்கள். அழட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மூர் மார்க்கெட் எனக்கும் வேண்டியதுதான். நான் பிறக்கும் முன்பே போய்விட்டது. ஆனால் என் அப்பா பள்ளிக்கூடப் புத்தகம் எல்லாம் அங்கேதான் வாங்கினார். பாதி விலை. அட்டை இருக்காது, முதல் பக்கத்தில் வேறு பையன் பேர் இருக்கும். "அத அடிச்சிட்டு நம்ம பேர எழுதிக்குவேன்டா" என்பார். புதுப் புத்தகக் கடை வாசலைக்கூட மிதிக்க முடியாதவனுக்குத் திறந்திருந்த கடை அது. மூர் மார்க்கெட்டுக்காக உருகும் கட்டுரைகளில் இந்தக் காரணத்தை நான் படித்ததில்லை.

கட்டடம் போனால் 'பாரம்பரியம் போச்சு' என்கிறார்கள். சேரி போனால் 'ஊர் சுத்தமாச்சு' என்கிறார்கள். எது பாரம்பரியம், எது ஆக்கிரமிப்பு என்று யார் தீர்மானிக்கிறார்கள்? இதுதான் என் கேள்வி.

இந்த நகரம் இடிக்கத் தொடங்கியது இன்று நேற்றல்ல. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள், 1749இல் அது ஆங்கிலேயரிடம் திரும்பியது. இந்தச் சண்டையில் கோட்டையை ஒட்டி வடக்கே இருந்த பழைய கறுப்பர் நகரம் தரைமட்டமானது. பீரங்கி சுட வெட்டவெளி வேண்டுமாம். சனங்கள் இன்னும் வடக்கே தள்ளப்பட்டார்கள். வெளியாக்கிய அந்த மண்ணில்தான் 1892இல் உயர்நீதிமன்றம் எழுந்தது. தள்ளிப்போன கறுப்பர் நகரத்துக்கு 1906இல் வெள்ளை இளவரசன் பெயரால் ஜார்ஜ் டவுன் என்று பேர் வைத்தார்கள். கும்பினி ஆவணங்களில் 'பெரிய பறச்சேரி' என்று ஓர் இடம் வருகிறது. வெள்ளைக்காரன் வீட்டில் சமைத்தவன், குதிரை பார்த்தவன், மூட்டை சுமந்தவன் இருந்த இடம். இளவரசன் பேர் ஒட்டிக்கொண்டது, சேரியின் பேர் உதிர்ந்துபோனது.

புளியந்தோப்புக்கு வாருங்கள். பக்கிங்காம் கர்நாடிக் மில் 1996இல் மூடப்பட்டது. அந்த இடத்தில் இன்று அடுக்குமாடி எழும்பியிருக்கிறது. மில் சங்கை நினைத்து ஏங்குபவர்கள் உண்டு. 1918இல் அங்கே பிறந்த சென்னைத் தொழிலாளர் சங்கத்தையும் சொல்வார்கள். 1921 வேலைநிறுத்தத்தில் சாதி புகுந்ததையும், ஆதிதிராவிடர் குடிசைகள் புளியந்தோப்பில் தீயில் எரிந்ததையும் சொல்லும்போது மட்டும் குரல் தாழ்ந்துவிடும். மில் சுவர் இடிந்தால் அது இழப்பு. கூரை எரிந்தால் அது 'அசம்பாவிதம்'. என்னய்யா நியாயம் இது?

1907இல் ராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைக் கொண்டுவந்தார். பெரிய கட்டடம் கட்டிய ஆள் இல்லை அவர். காலணாக் காகிதத்தில் ஒரு வரலாற்றையே எழுப்பினார். 2023இல் கிண்டியில் அவருக்கு மணிமண்டபம் வந்தது, நல்லது. ஆனால் ராயப்பேட்டைத் தெருக்களில் பண்டிதர் பேரைச் சொல்லி நான் வழி கேட்டபோது, கை நீட்டிக் காட்ட ஒருவரும் கிடைக்கவில்லை.

இனி என் பிழைப்பைப் பற்றிக் கொஞ்சம். நான் வங்கியில் எழுத்தர். கவுண்டரில் உட்கார்ந்தால் நகரம் மாறுவது மனுவாக வந்து நிற்கும். முகவரி மாற்ற மனு. கூவத்தின் கரையிலிருந்து கண்ணகி நகருக்கு, செம்மஞ்சேரிக்கு, பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டவர்கள் கொண்டுவருவார்கள். பழைய பாஸ்புக்கில் தெருப்பேர் இருக்கும். அம்மன் பேர், அம்பேத்கர் பேர், தெருக்குழாய்க்குப் பின்னாலே என்றுகூட எழுதியிருக்கும். புதுசில் பிளாக் நம்பர், வீட்டு நம்பர். அவ்வளவுதான். ஒரு தெருவே எண்ணாக மாறுவதை நான் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன்.

போன மாதம் ஒரு பாட்டி வந்தாங்க. பெரும்பாக்கத்திலிருந்து மூன்று பஸ் மாறி வந்திருக்காங்க. எட்டு மாடி வீடு, லிஃப்ட் நின்னு போனா இறங்குறதில்லையாம். வீட்டு வேலைக்குப் போன தெருவெல்லாம் 20, 25 கிலோமீட்டர் தூரமாயிடுச்சாம். புதுப் பாஸ்புக் கொடுத்தேன். பழசைத் திருப்பிக் கேட்டாங்க. "கணக்கு இதுல வந்துடுச்சு பாட்டி, அது எதுக்கு?" என்றேன். "நாங்க அங்க இருந்தோம்னு அதுலதானே இருக்கு" என்றாங்க.

அந்தக் கரையில் குடிசை மட்டுமா இருந்தது? இரவுப் பாடசாலை இருந்தது. சாவுக்குப் பாடுகிற கானாக்காரன் இருந்தான். கேரம் போர்டு மன்றம் இருந்தது, ஏப்ரல் 14க்குக் கொடி ஏற்றும் கம்பம் இருந்தது. நாற்பது வருசம் சீட்டுக் கட்டி ஒருத்தரை ஒருத்தர் தாங்கிய சனம் இருந்தது. புது இடத்தில் குலுக்கலில் வீடு விழுந்து, பக்கத்து வீட்டுக்காரி பத்து பிளாக் தள்ளிப் போய்விட்டாள். சுவர் போனதைவிடப் பெரிய இழப்பு இது.

நான் குடிசையைப் புகழவில்லை. மழைக்கு ஒழுகியது, வெள்ளத்துக்கு மிதந்தது, தெரியும். பக்கா வீடு நம் உரிமை. ஊருக்குள்ளேயே வேண்டும் என்பதும் அதே உரிமைதான். அதைக் கேட்கப் போகும்போது, 'எப்போது இங்கே இருந்தாய், அத்தாட்சி என்ன' என்று நம்மைத் திருப்பிக் கேட்பார்கள்.

ஆகவே தோழர்களே, வீட்டில் இருக்கிற பழைய ரேஷன் கார்டு, பாஸ்புக், பள்ளிக்கூட டி.சி., கல்யாணப் பத்திரிகை எதையும் பழைய பேப்பர்காரனுக்குப் போடாதீர்கள். பெரியவர்களிடம் உட்கார்ந்து தெருவின் பேர், அது எந்த வருசம் போனது, யார் யார் எங்கே போனார்கள் என்று எழுதி வாங்குங்கள். வருகிற இதழிலிருந்து மாதம் ஒரு தெரு போடுவோம். முதல் தெருவை, அந்தப் பாட்டி சொல்லச் சொல்ல, நான் எழுதித் தருகிறேன்.

ஜெய்பீம்.