ஏர்கன் கேட்கவில்லை, எழுத்துப்பூர்வ உத்தரவு கேட்கிறோம்!

(மன்னார்புரத்தில் கூடிய விவசாயிகள் மத்தியில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



மணப்பாறை, மருங்காபுரி, துறையூர், உப்பிலியபுரம், புள்ளம்பாடி, லால்குடி என்று நாலா பக்கமும் இருந்து பஸ் ஏறி இங்கே வந்து சேர்ந்திருக்கிறீர்கள். இதில் பாதிப் பேர் ராத்திரி தூங்கியிருக்க மாட்டீர்கள். மக்காச்சோளக் கொல்லையில் டார்ச் அடித்து, தகர டப்பா தட்டி, விடிந்ததும் முகம் கழுவிக்கொண்டு நேராக வந்திருக்கிறீர்கள். கண்ணைப் பார்த்தாலே தெரிகிறது.

இன்று பேச வேண்டியது ஒரே விஷயம். நம் இளைஞர்கள் சிலர் சங்கத்திடம் ஒரு கோரிக்கை வைத்திருக்கிறார்கள். “பன்றி, மயில், எலி எல்லாம் சேர்ந்து வெள்ளாமையை அழிக்குது. ஏர்கன் வாங்கி நாமே சுட அனுமதி கேட்டு சங்கம் போராடணும். ஏர்கனுக்கு லைசென்ஸ்கூட வேணாம், அடையாள அட்டை காட்டினா கடையில தர்றாங்க” என்கிறார்கள். ஒரு சிலர் கேட்காமலேயே வாங்கியும் வைத்திருக்கிறார்கள். யார் யார் என்று இங்கே சொல்லப்போவதில்லை.

கோபம் நியாயமானது. கடன் வாங்கி விதைத்து, களை எடுத்து, உரம் வைத்து, கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் ஒரு பன்றிக் கூட்டம் ஒரே ராத்திரியில் உழுதுபோட்டுப் போனால் யாருக்குத்தான் ரத்தம் கொதிக்காது? ஆனாலும் அந்தக் கோரிக்கையை சங்கம் ஏற்கவில்லை. ஏன் என்று விவரமாகச் சொல்கிறோம். கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

முதலில் அந்தத் துப்பாக்கியைப் பார்ப்போம். 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ளக்கூடிய ஏர்கன் 0.177 அளவுக்கு உட்பட்டது. அதாவது குழலின் உள்விட்டம் நாலரை மில்லிமீட்டர். குண்டு வெளியேறும்போது அதன் வேகசக்தி 20 ஜூல் தாண்டக் கூடாது. தாண்டினால் லைசென்ஸ் வேண்டும். அந்த ஈயக் குண்டின் எடை ஏறத்தாழ அரை கிராம். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபிநவ் பிந்த்ரா தங்கம் வாங்கினாரே, அந்தப் போட்டி இதே 0.177 அளவு ஏர் ரைபிளில்தான். 10 மீட்டர் தூரத்தில் இருக்கிற காகிதத்தில் குறி பார்த்துச் சுடுகிற போட்டி.

காகிதத்தைச் சுடுகிற குண்டால் காட்டுப்பன்றி சாகுமா? வளர்ந்த ஆண் பன்றி 100 கிலோ வரை வரும். தோள்பட்டையில் தோலுக்கு அடியில் கெட்டியான கவசம் இருக்கிறது. ஆண் பன்றிகள் ஒன்றோடொன்று கொம்புப் பல்லால் குத்திச் சண்டை போடுவதற்கென்றே இயற்கை கொடுத்த கவசம் அது. அரை கிராம் ஈயம் அங்கே என்ன செய்யும்? பன்றி விழாது, காயத்தோடு ஓடும். காயம் சீழ் பிடித்து நாலு நாள் கழித்து எங்கோ சாகும், அல்லது மறுநாள் காலையில் தண்ணீர் கட்டப் போகிற நம்ம அக்காளையோ தங்கச்சியையோ முட்டித் தூக்கும். காயம்பட்ட பன்றி எப்படி வரும் என்று பார்த்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள்.

ஆக, இந்தத் துப்பாக்கி பன்றிக்கு ஆகாது. பிறகு எதற்கு ஆகும்? முயலுக்கு, கௌதாரிக்கு, காடைக்கு, கொக்குக்கு, மடையானுக்கு. பேச்சு பன்றியில் ஆரம்பித்து சாயங்காலம் முயல் கறியில் போய் முடிகிறது. இதை ஒளித்துப் பேசுவதில் பிரயோஜனம் இல்லை. முயலும் கௌதாரியும் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன. வேட்டையாடினால் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2022 திருத்தத்துக்கு முன்னால் அந்த அபராதம் 25 ஆயிரம்தான். இப்போது நாலு மடங்கு. துப்பாக்கியும் போகும், ஏறிப்போன பைக்கும் பறிமுதல் ஆகும். இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தச் சட்டத்தில் ‘வேட்டை’ என்றால் கொல்வது மட்டும் இல்லை, கொல்ல முயல்வதும் வேட்டைதான். குறி தப்பிவிட்டது என்று கோர்ட்டில் சொல்லித் தப்ப முடியாது.

மயில் விஷயம் இதைவிடக் கடுமை. 1963இல் தேசியப் பறவையானது. சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைக் கொன்றால் குறைந்தபட்சமே மூன்று ஆண்டு, ஏழு ஆண்டு வரை போகும். ஏர்கனால் சுட்டாலும் சரி, விஷம் கலந்த தானியம் போட்டாலும் சரி. விராலிமலைப் பக்கத்து விவசாயிக்கு மயிலைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. முருகனுக்கு வாகனம் என்று கும்பிடுகிறவனும் அவன்தான், நிலக்கடலை விதைத்த மறுநாள் கொல்லையில் நின்று தலையில் கை வைக்கிறவனும் அவன்தான். தினைப்புனத்தில் கவண் வீசிப் பறவை விரட்டிய வள்ளிகூட இவ்வளவு பாடுபட்டிருக்க மாட்டாள்!

எலிக்காவது ஏர்கன் உதவுமா என்று ஒரு தம்பி கேட்டார். எலியை ஒழிக்க வேளாண்மைத் துறையே முகாம் நடத்துகிறது, அதில் நமக்குத் தகராறு இல்லை. ஆனால் எலி ராத்திரியில் நடமாடும், பகலில் வளைக்குள் கிடக்கும். ஒவ்வொன்றாகக் குறிபார்த்துச் சுட்டு ஒரு ஏக்கரைக் காப்பாற்ற முடியாது. நம் பெரியவர்கள் வைத்த தஞ்சாவூர்க் கிட்டி ஒரு ராத்திரியில் பிடிக்கிற எலியை ஏர்கன்காரர் ஒரு மாதத்தில் பிடிக்க மாட்டார். வரப்பை அகலமாக விடாமல் செதுக்கி வைத்தால் வளை குறையும். வயலில் ஆளுயரத்துக்கு மேலே குறுக்குக் கட்டை வைத்துக் குச்சி நட்டால் ராத்திரி கூகை வந்து உட்காரும். குஞ்சு வளர்க்கிற காலத்தில் கூகை ராத்திரி முழுக்க எலி தூக்கும், சம்பளம் கேட்காது. அபசகுனம் என்று சொல்லி அந்தக் கூகையைத்தான் ஏர்கன் வைத்திருக்கிற பையன் முதலில் சுடுகிறான். எலிக்கு இதைவிடப் பெரிய உபகாரம் யாராலும் செய்ய முடியாது.

வேறு இடத்தில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். அருணாசலப் பிரதேசத்தில் வீட்டுக்கு வீடு ஏர்கன் இருந்தது. காட்டில் பறவைச் சத்தமே குறைந்துபோய், 2021இல் அந்த மாநில அரசே ஏர்கனை ஒப்படைக்கும் இயக்கம் ஆரம்பித்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை மக்களே கொண்டுவந்து கொடுத்தார்கள். ஏர்கனோடு வாழ்ந்து பார்த்தவர்கள் அதைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். நாம் இப்போது போய் வாங்குவதா?

மின்சாரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மின்வாரிய அலுவலகம் இருக்கிற இதே மன்னார்புரத்தில் நின்று சொல்கிறோம். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே பன்றிக்குப் போட்ட மின்வேலியில் மூன்று யானைகள் செத்தன. விவசாயி கைதானார். பன்றிக்குப் போட்ட கம்பியில் யானை மட்டுமா, பக்கத்துக் கொல்லைக்காரரும் செத்திருக்கிறார். அவுட்டுக்காயும் அப்படித்தான். சங்கக் கொடி பிடித்தவர் வீட்டில் இந்த மூன்றும் இருக்கக் கூடாது.

அப்படியானால் சும்மா இருக்கச் சொல்கிறீர்களா என்று கேட்காதீர்கள். இங்கேதான் நம் போராட்டமே ஆரம்பிக்கிறது!

1972 சட்டத்தின் 11ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். முதல் அட்டவணையில் இல்லாத விலங்கு மனித உயிருக்கோ சொத்துக்கோ ஆபத்து என்றால், காரணம் எழுதி, அதை வேட்டையாட தலைமை வன உயிரினக் காப்பாளர் உத்தரவு தரலாம். சொத்து என்ற வார்த்தைக்குப் பக்கத்திலேயே, நிலத்தில் நிற்கும் பயிர் உட்பட என்று போட்டிருக்கிறது. நம் பயிரைச் சட்டம் சொத்தாக மதிக்கிறது. 1959 ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவில்கூட, உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழியே மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தருவதற்கு வழி இருக்கிறது. ஆனால் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். துப்பாக்கி வைத்துக்கொள்ள ஒரு அனுமதி, விலங்கைச் சுட வேறு அனுமதி. ஒன்று இருந்தால் இன்னொன்று தானாக வராது. ஏர்கனுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்றால் எதையும் சுடலாம் என்று அர்த்தம் இல்லை.

2025 ஜனவரியில் தமிழக அரசு காட்டுப்பன்றிக்கு என்றே உத்தரவு போட்டது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு வெளியே வனத்துறையே சுடலாம். ஊராட்சி அளவில் வனக்காப்பாளர், வி.ஏ.ஓ., ஊராட்சித் தலைவர் கொண்ட குழு பார்த்துச் சொல்ல வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் என்ன பொருத்தம் பாருங்கள்! நம் திருச்சி உட்பட 28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்தது. அறிவிப்பு வந்தது அந்த வாரமே. குழுவில் நாற்காலி போட்டார்கள், உட்கார வேண்டியவர் வீட்டுக்குப் போய்விட்டார்.

பக்கத்துக் கேரளாவில் 2022இலேயே உள்ளாட்சித் தலைவருக்கே உத்தரவு போடும் அதிகாரம் கொடுத்தார்கள். லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கிற, பழக்கப்பட்ட ஆட்களைப் பட்டியல் போட்டு வைத்து, அவர்களைக் கூப்பிட்டுச் சுடச் செய்கிறார்கள். பீகாரிலும் உத்தரகண்டிலும் 2015, 2016இல் மத்திய அரசு 62ஆம் பிரிவின் கீழ் காட்டுப்பன்றியைக் குறிப்பிட்ட காலத்துக்குத் தீங்குயிரி என்று அறிவித்தது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

எங்கள் கோரிக்கை இதுதான். மூன்று கிலோமீட்டருக்கு வெளியே இருக்கிற ஒவ்வொரு ஊராட்சியிலும் குழு யார் யார் என்று பெயரோடு நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும். புகார் கொடுத்தால் இத்தனை நாளுக்குள் வந்து பார்ப்போம் என்று தேதி சொல்ல வேண்டும். சுடுவது என்றால் பயிற்சி பெற்றவர்கள், சரியான துப்பாக்கியோடு, ஊருக்குத் தண்டோரா போட்டுவிட்டு வந்து சுடட்டும். மயிலைச் சுட வழியில்லை என்று சட்டம் சொன்னால், மயில் தின்றதற்குப் பணம் கொடுக்க அரசாங்கத்துக்கு வழி இருக்க வேண்டும். தேசியப் பறவைக்குத் தீனி போடுகிற செலவு மணப்பாறை விவசாயி தலையில் மட்டும் விழுவது என்ன நியாயம்? சேதத்தைக் கணக்கெடுக்க வருகிறவர் அறுவடை முடிந்த பிறகு வந்து “எங்கே சேதம்?” என்று கேட்கிற வேலையும் இனிமேல் நடக்கக் கூடாது.

இனி நம் வேலை. கலெக்டர் ஆபீசில் நடக்கிற விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குச் சும்மா கையை வீசிக்கொண்டு போகாதீர்கள். சேதமான அன்றைக்கே செல்போனில் போட்டோ எடுங்கள், குளம்புத் தடம் தெரியும்படி. சர்வே நம்பர், பயிர், எத்தனை சென்ட் போச்சு, எந்தத் தேதி, காப்புக்காட்டிலிருந்து எத்தனை கிலோமீட்டர், எல்லாவற்றையும் மனுவில் எழுதுங்கள். மனு கொடுத்தால் ரசீது வாங்குங்கள். “அப்புறம் பார்க்கலாம், போய்ட்டு வாங்க” என்றால் ரசீது இல்லாமல் நகராதீர்கள். எழுதத் தெரியாத பெரியவர்களுக்கு ஏர்கன் கேட்ட தம்பிகளே உட்கார்ந்து எழுதிக் கொடுக்கட்டும். குறிபார்க்கிற கண் இருக்கிறது, குளம்புத் தடத்தைப் போட்டோ எடுக்கவும் அது உதவும்.

மனுப் படிவம் மேடைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். காசு இல்லை. ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று பக்கத்துக் கொல்லைக்காரருக்கு.