சிவப்பு எறா சொல்லிக் கொடுத்த கணக்கு

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் பத்தாவதுதான் படித்திருக்கிறேன். மைக் பிடித்துப் பேசுவது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். "ஜெயிச்ச கதையைச் சொல்லும்மா" என்று தலைவி அக்கா சொன்னார்கள். நான் தோற்ற கதையையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அதில் போனது என் பணம் இல்லை, குழுப் பணம்.

நான் பிறந்தது கடலூர் பக்கம் கடற்கரை ஊர். எங்கம்மா அன்னக்கூடையில் மீன் சுமந்து விற்றுத்தான் எங்களை வளர்த்தார்கள். கல்யாணம் ஆகி வந்தது வடலூருக்குப் பக்கத்துக் கிராமம். வள்ளலார் ஐயா அணையா அடுப்பு மூட்டிய மண் இது. எங்கள் தெருவிலேயே கவுச்சி தொடாத வீடுகள் பல உண்டு. அதனால் குழுவில் நாங்கள் மாங்காய், எலுமிச்சை, பூண்டு ஊறுகாய்தான் போட்டோம். நெய்வேலி டவுன்ஷிப்பில் விற்கப் போனபோதுதான், "எறா ஊறுகாய் இருக்குதா?" என்று நிறைய பேர் கேட்டார்கள். நான்தான் குழுவில் துணிந்து சொன்னேன்: "எறா எனக்குத் தெரியும் அக்கா, நான் பார்த்துக்கிறேன்." பாத்திரம், அடுப்பு எல்லாம் தனி, தைப்பூசத்துக்கு அடுப்பே மூட்டக் கூடாது என்று பேசித் தீர்மான நோட்டில் எழுதினோம்.

முதல் இரண்டு தடவை வெள்ளை எறாவில் போட்டது நன்றாகவே போயிற்று. மூன்றாவது தடவை துறைமுகத்துக்குப் போனால் வெள்ளை எறா கிலோ 400 ரூபாய். பக்கத்திலேயே ஒரு கூறு கொட்டிக் கிடந்தது. பச்சையாக இருக்கும்போதே குங்குமம் மாதிரி சிவப்பு. "ஆழ்கடல் எறாம்மா, 280-க்கு எடுத்துக்கோ" என்றார் ஏலக்காரர். கிலோவுக்கு 120 ரூபாய் மிச்சம் என்று மனசு கணக்குப் போட்டுவிட்டது. 15 கிலோ வாங்கினேன். ஐஸ் குறைவாகப் போட்டு, பஸ் மாறி, வீடு வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது. தலைப் பக்கம் கருக்க ஆரம்பித்திருந்தது. கழுவினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

உரித்துப் பார்த்தால் தலைதான் பெரிது, கறி கொஞ்சம். 15 கிலோவுக்கு 5 கிலோ சொச்சம்தான் தேறியது. எண்ணெயில் போட்டால் தண்ணீராக விட்டது. நான் சின்ன வயசிலிருந்து எறா வெந்ததை நிறத்தை வைத்துத்தான் பார்ப்பேன். சாம்பல் நிறம் மாறிச் சிவந்தால் வெந்துவிட்டது என்று அர்த்தம். இது முன்னாடியே சிவப்பாச்சே! என் கண் என்னை ஏமாற்றிவிட்டது. ஈரம் வற்றுவதற்கு முன்பே இறக்கிவிட்டேன்.

40 பாட்டில். பத்தாம் நாள் ஒரு வீட்டிலிருந்து போன் வந்தது, மூடியைத் திறந்தால் நுரைக்கிறது என்று. யாரும் சாப்பிட்டுவிடக் கூடாதே என்று அன்றைக்கே ஓடிப்போய் எல்லாப் பாட்டிலையும் திரும்ப வாங்கி, குழி வெட்டிக் கொட்டினோம். எறா 4,200, எண்ணெய், மசாலா, பாட்டில், கேஸ், பஸ் எல்லாம் 3,300. ஆக 7,500 ரூபாய் மண்ணுக்குள் போயிற்று.

அந்த மாசம்தான் எங்கள் குழுவில் ஒரு தங்கச்சி மகளின் காலேஜ் பீஸுக்கு உள்கடன் கேட்டிருந்தாள். குழுவில் பணம் போதவில்லை. அவள் வெளியில் மூணு வட்டிக்கு வாங்கினாள். வீட்டில் என்னால் சோறு சாப்பிட முடியவில்லை. கூட்டத்தில் "எறா சரியில்லாம வந்துடுச்சு" என்று மட்டும் சொல்லித் தப்பித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அந்தத் தங்கச்சி எதிரில் உட்கார்ந்திருந்தாள். "தெரியாததைத் தெரியும்னு சொல்லிட்டேன், தப்பு என்னோடதுதான்" என்று சொல்லி அழுதுவிட்டேன். திட்டினார்கள். திட்டிவிட்டு, நஷ்டத்தில் பாதி நான், பாதி குழு என்று எழுதினார்கள். அந்த வட்டியை மட்டும் முழுசாக நானே கட்டுகிறேன் என்று கையெழுத்துப் போட்டேன்.

அதன் பிறகு பரங்கிப்பேட்டைப் பக்கம் மூன்று நாள் மீன் பதப்படுத்தும் பயிற்சிக்குக் குழு என்னையே அனுப்பியது. அங்கேதான் அந்தச் சிவப்பு எறாவின் முழுக் கதையும் தெரிந்தது.

அதன் பேர் அரிஸ்டியஸ் அல்காக்கி. சில வியாபாரிகள் ரெட் ரிங் என்பார்கள். 130 வருஷத்துக்கு முன்னால் இன்வெஸ்டிகேட்டர் என்ற கப்பலில் நம் கடல்களின் ஆழத்து உயிர்களை ஆராய்ந்த அல்காக் என்ற டாக்டரின் பேரை 1938-ல் இதற்கு வைத்திருக்கிறார்கள். 200 மீட்டருக்கும் கீழே, இருட்டான ஆழத்தில் இருப்பது. சூரிய வெளிச்சத்தில் சிவப்புதான் தண்ணீரில் முதலில் மறைந்துபோகுமாம். அதனால் அந்த ஆழத்தில் சிவப்பு உடம்பு கறுப்பாகத்தான் தெரியும், எதிரி கண்ணுக்குப் படாது. நம்மை மயக்குகிற அந்தச் சிவப்பு, அதற்கு ஒளிந்துகொள்ளும் போர்வை! கேரளாவில் கொல்லம் பக்கம் 1999 வாக்கில்தான் விசைப்படகுகள் ஆழ்கடல் எறாக்களை வியாபாரத்துக்குப் பிடிக்க ஆரம்பித்தன.

தலை கருத்துப்போனதற்கும் காரணம் சொன்னார்கள். எறா செத்த பிறகு உடம்பில் இருக்கும் ஒரு சத்து காற்றோடு சேர்ந்து கருக்கும். ஐஸில் இருந்தால் அது மெதுவாக நடக்கும். ஒரு கிலோ எறாவுக்கு ஒரு கிலோ ஐஸ் வேண்டும், அடியிலும் மேலேயும் ஐஸ் இருக்க வேண்டும்.

ஒரு விஷயம் கேட்டு ஆச்சரியப்பட்டேன். இதே ஜாதியில் இன்னொரு சிவப்பு எறா ஸ்பெயின் நாட்டில் பலாமோஸ் என்ற ஊரில் கிடைக்கிறது. அந்த ஊருக்கே அதனால்தான் பேர், பெரிய ஓட்டல்களில் நல்ல விலை. அங்கேயும் வருஷத்தில் இரண்டு மாசம் அதைப் பிடிக்காமல் விட்டுவிடுகிறார்கள். நம் கடற்கரையிலும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாதே, அது மாதிரி. விட்டுவைத்தால்தான் அடுத்த வருஷம் கிடைக்கும். நம் குழுச் சேமிப்பும் அப்படித்தானே!

வீட்டுக்கு வந்து நோட்டில் கணக்குப் போட்டேன். வெள்ளை எறா கிலோ 400, பாதிக்குப் பாதி கறி. அப்போது ஒரு கிலோ கறி 800 ரூபாய். சிவப்பு எறா கிலோ 280, கறி 350 கிராம். அதுவும் கிலோ கறி 800 ரூபாய்தான்! மலிவு என்று நான் நினைத்தது மலிவே இல்லை. வெறும் பெருக்கல் வகுத்தல்தான். வாங்கும் முன்னாடி போட்டிருக்க வேண்டியதை நஷ்டப்பட்ட பிறகு போட்டேன்.

சிவப்பு எறா மேல் எனக்குக் கோபம் இல்லை. அதன் கறி தித்திப்பு. அன்றைக்கு வாங்கி அன்றைக்கே குழம்பு வைத்தால் அதற்கு ஈடில்லை. ஊறுகாய்க்கு ஆகாது, அவ்வளவுதான். இப்போது ஊறுகாய் வெள்ளை எறாவில் மட்டும். எடை போட்டு, ஈரம் சுண்ட வறுத்துத்தான் இறக்குகிறோம். சென்னாக்குன்னிப் பொடியும் போடுகிறோம். சிவப்பு எறாவை முன்கூட்டியே ஆர்டர் சொல்லும் வீடுகளுக்கு மட்டும், விடியற்காலையில் ஐஸ் பெட்டியோடு போய் வாங்கி, உரித்து, ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குள் கொடுத்துவிடுகிறோம். மீன்பிடித் தடைக்காலத்தில் மாங்காய் ஊறுகாய்.

என் பங்கு நஷ்டத்தை 11 மாசத்தில் கட்டி முடித்தேன். அந்தத் தங்கச்சியின் வட்டியையும் கட்டிவிட்டேன். அவள் மகள் இப்போது இரண்டாம் வருஷம் படிக்கிறாள். இப்போது எங்கள் குழுவில் தராசு பிடிப்பது யார் தெரியுமா? அந்தத் தங்கச்சிதான். நான் வாங்கி வருவதை அவள் எடை போட்டு, உரித்த பிறகு மறுபடி எடை போட்டு எழுதுவாள். என்மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை. நான்தான் அவளைக் கேட்டுக்கொண்டேன்.

சகோதரிகளே, புதுச் சரக்கு எதுவானாலும் முதலில் ஒரு கிலோ வாங்கிப் பாருங்கள். நஷ்டம் வந்தால் அந்த வாரக் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள்.