தாமான் முனைச் சாப்பாட்டுக் கடை



தாமான் முனையில் இருக்கும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் சோறும் காய்கறியும் கேட்கக் கேட்க வைப்பார்கள். மீனுக்கும் கோழிக்கும்தான் தனிக் கணக்கு. சீனரும் மலாய்க்காரரும் ரசத்தைக் கேட்டு வாங்கிக் குடிக்கப் பழகியது இப்படிப்பட்ட கடைகளில்தான். 2024 டிசம்பரில் யுனெஸ்கோ மலேசியரின் பசியாறும் பண்பாட்டை மரபுப் பட்டியலில் சேர்த்தது. நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரேக் ஆகிய மூன்றையும் அது பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. பின்னிரண்டும் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள், குறிப்பாகத் தமிழ் முஸ்லிம்கள், வளர்த்தவை!

பெருமை பேசப் பலர் உண்டு. ஆனால், பேரங்காடிக் காப்பிக்குப் பதினைந்து வெள்ளியை மறுபேச்சின்றிக் கொடுப்பவர், இங்கே ஐம்பது காசு ஏறினால், "என்ன அண்ணே, கொள்ளையா?" என்கிறார். விடியுமுன் உலை வைத்தவருக்குக் கூலி வேண்டாமா? அடுப்படி வேலைக்கு உள்ளூர்ப் பிள்ளைகள் வருவது அரிது. வெளிநாட்டுச் சமையல்காரருக்கு அனுமதி கிடைக்காத நாளில் முதலாளியே தோசை ஊற்றுகிறார். அவர் மகன் கல்லாவில் உட்கார மறுப்பதில் வியப்பென்ன?

வீட்டில் சமைத்தால் சிக்கனம் என்றார்கள் எதிரணியினர். நெரிசலில் சிக்கி, இரவு எட்டு மணிக்கு வேலை முடிந்து வரும் தாயிடம் அதைச் சொல்லிப் பார்க்கட்டும்.