மலையைக் கேட்டோமா?

(ஜவ்வாது மலை, ஜமுனாமரத்தூரில் ஆற்றிய உரை)



இம்மலையின் காவலூரில், 1986 முதல் 2.3 மீட்டர் தொலைநோக்கி வானை ஆராய்கிறது. எட்டாத விண்மீன் அதற்குத் தெரிகிறது. அருகே சாமை விதைக்கும் மலைவாழ் உழவன் நமக்குத் தெரிகிறானா?

தேர்தல்தோறும் வேட்பாளரோடு வருகிறோம். "இவருக்கே வாக்களிப்பீர்" என்கிறோம். "இவரைத் தேர்ந்தவர் யார்? எம்மைக் கேட்டீரா?" என்று மலையூர்ப் பெரியவர் வினவினால், விடை உண்டா நம்மிடம்?

அமெரிக்காவைக் காணுங்கள். 1960 மே 10, மேற்கு வர்ஜீனியா. அதுவும் மலைநாடு, வறுமை வாட்டிய நாடு! ஜனநாயகக் கட்சியின் குடியரசுத் தலைவர் வேட்பாளராகத்தக்கவர் கென்னடியா, ஹம்ஃப்ரியா? விடையை மாளிகையில் தேடவில்லை. சுரங்கத் தொழிலாளியின் வாக்குச்சீட்டில் தேடினர். கென்னடி கத்தோலிக்கர், வாக்காளரிலே பெரும்பாலோர் புராட்டஸ்டண்டினர். எனினும் கென்னடியே வென்றார், ஹம்ஃப்ரி விலகினார். அங்கும் பணம் பாய்ந்ததென்ற பழி உண்டு. பழுதற்ற முறையென்று நான் பகரவில்லை. ஆனால், 1961 சனவரியில் அரியணை ஏறிய கென்னடியின் முதல் நிர்வாக ஆணை எது? ஏழைக் குடும்பங்களுக்குக் கூடுதல் உணவு! மலைமக்களின் பசியை நேரிற் கண்டவரன்றோ அவர்!

தமிழகத்தின் 234 சட்டமன்றத் தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டவை இரண்டே: ஏற்காடு, சேந்தமங்கலம். ஜவ்வாது மலைக்கு அந்த வாய்ப்பில்லை. அவர்களில் ஒருவர் நிற்க இடமில்லையெனில், நிற்பவர் யாரென்று சொல்லவேனும் உரிமை வேண்டாமா?

கிளைத் தோழர்களே! பட்டியல் எழுதுமுன் மலையேறுங்கள். வாக்குக் கேட்குமுன் கருத்துக் கேளுங்கள்!